காற்றின் தகப்பன் வரும் நேரம்

அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த நாளில் மின்சாரம் நின்றது. சாக்குப் பையில் நண்டு கொண்டுவந்திருந்தார். குசினி வாசலில் நின்று, எந்த நண்டில் சதை அதிகம் என்பதை என் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தவர், விறாந்தையில் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி தளர்ந்து நின்றதும் வசனத்தை நடுவிலேயே விட்டுவிட்டார். சாக்கை ஓசைப்படாமல் நிலத்தில் வைத்தார். வெளியே வேம்பில் ஓர் இலைகூட அசையவில்லை. ஐம்பத்தைந்து வயதைக் கடந்த, தோள் அகன்ற அந்த மனிதர், எட்டு வயதுப் பிள்ளையைப் போலக் குறுகி நின்றதை நான் உள்ளேயிருந்து பார்த்தேன்.

"என்ன அண்ணை, சுகமில்லையோ?" என்று என் மனைவி கேட்டாள்.

"மெல்லமாக் கதையுங்கோ டீச்சர். அவர் வந்திட்டார்."

"ஆர்?"

"தகப்பன்."

பிறகு முற்றத்துக்கு இறங்கினார். தென்னைகளுக்கு அப்பால் கடல் தெரியும் பக்கம் திரும்பி, கைகளைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் தண்டனைக்கு எழுந்து நிற்கும் மாணவனின் குரலில், "நான்தான் அப்பு. நான்தான் செய்தனான்" என்றார். சிறிது நேரம் அப்படியே நின்றார். தென்னோலை ஒன்று மெல்லச் சரசரத்தது. திரும்பி வந்து, "கோது உடைக்கேக்க உந்த மஞ்சளைக் கொட்டிப்போடாதேங்கோ டீச்சர், அதிலதான் ருசி" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காலநிலையியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். காற்றைப் பற்றி ஒருவர் என் வீட்டு முற்றத்தில் நின்று இப்படிப் பேசுவது எனக்கு எரிச்சலைத் தந்தது. அது எரிச்சல் என்றுதான் அப்போது எண்ணினேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காற்று ஓய்ந்திருக்கும் வேளையில் எவர் பெயரையும் சொல்லக்கூடாது என்பது அவர் வகுத்திருந்த விதிகளில் ஒன்று. இதை எழுதும்போது வெளியே காற்று இல்லை.

முல்லைத்தீவுக் கரையோரம், நாயாற்றில் என் மனைவிக்குச் சீதனமாக வந்த காணியில், நாங்கள் ஓய்வுக்குப் பின் வீடு கட்டிக் குடியேறினோம். அவளும் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒரே மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வாரம் ஒரு முறை தாயுடன் பேசுவான். எங்கள் வீட்டுக்கும், களப்பு என்னும் உப்புநீர் ஏரி கடலோடு சேரும் வாய்க்கும் இடையில் அவருடைய வாடி இருந்தது. நாலு கம்பு, மேலே கிடுகு, உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில், வலைகள், ஓர் எஞ்சின். குடும்பம் இல்லை. ஏன் இல்லை என்று இந்தப் பக்கத்தில் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.

வாடியின் நாலு மூலைகளிலும் மெல்லிய பச்சைச் சீலையைக் கிழித்து நாடாவாகக் கட்டியிருந்தார். படகின் முனையிலும் ஒன்று. சைக்கிள் கைபிடியிலும் ஒன்று. எங்கள் வீட்டுக்குள் வந்தால் அமருவதற்கு முன்பு, "ஃபானை ஒருக்காப் போடுங்கோ சேர்" என்பார். வெயிலில் வந்த களைப்பு என்று வெளியார் எண்ணுவர். காற்று அசைகிறதா என்று பார்க்காமல் அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது.

அவருடைய தெய்வங்களைப் பற்றி முறையாகக் கேட்டு எழுத ஒரு நாள் குறிப்பேட்டுடன் போனேன். இந்தக் கரையில் எழுதப்படாத ஒரு வழிபாடு எஞ்சியிருக்கிறதாக்கும் என்ற ஆய்வாளனின் பேராசை. அவர் வலை கட்டிக்கொண்டே சொன்னார். காற்றுக்கு ஒரு தகப்பன். நாலு திசைக் காற்றும் அவருடைய நாலு பிள்ளைகள். மூத்தவன் வாடை, பொறுப்பானவன், கொஞ்சம் முரடன். அடுத்தவன் சோளகம், ஓயாத வாயாடி. மூன்றாவது கச்சான், குழப்படிக்காரன், மண்ணை அள்ளிக் கண்ணில் எறிவான். கடைசி கொண்டல், பெண்பிள்ளை, மழையை ஒக்கலில் வைத்துக்கொண்டு வருவாள். தாய் களப்பு. கோடையில் மணல் சேர்ந்து களப்பின் வாய் மூடிக்கொள்வது, தகப்பன் வரும் நேரத்தில் தாய் கதவைச் சாத்தி வைப்பது.

"தகப்பன் எப்படி இருப்பார்? ஆயுதம், வாகனம் ஏதாவது?"

"ஒண்டுமில்லை சேர். அவர் ஏசிறேல்லை. அடிக்கிறதும் இல்லை. வந்து நிப்பார். அவ்வளவுதான். பிள்ளையள் நாலும் மூச்சு விடாதுகள்."

"எதற்காக வருகிறார்?"

"ஏதோ பிழை நடந்திட்டுது. ஆர் செய்தது எண்டு பாக்க வாறார். வாய் திறந்து கேக்கவும் மாட்டார். ஆரும் ஒராள் நான்தான் எண்டு ஒத்துக்கொண்டால் போயிடுவார். பிள்ளையள் பேந்து விளையாடத் தொடங்குங்கள்."

"ஒருவரும் ஒத்துக்கொள்ளாவிட்டால்?"

வலை ஊசி நின்றது. "தெரியாது சேர். நான் ஒருக்காலும் விட்டுப் பாக்கேல்லை."

இவற்றையெல்லாம் யார் சொல்லித் தந்தார்கள், எந்த ஊரில் இந்த வழக்கம் இருக்கிறது என்று கேட்டேன். "ஒருதரும் சொல்லேல்லை. நான்தான் கண்டுபிடிச்சனான்" என்றார். ஒரு தனிமனிதர் தாமாகப் புனைந்த தெய்வத்துக்கு ஆய்வில் இடமில்லை. நான் குறிப்பேட்டை மூடினேன். மூடியதோடு நில்லாமல், அவருக்கு விளக்கமும் சொன்னேன். இரவில் குளிர்ந்த தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று, வெயில் ஏறியதும் ஓய்ந்துவிடும். தரை நன்றாகச் சுட்ட பின்புதான் கடலிலிருந்து காற்று எழும். இடையில் பத்து மணியளவில் ஓர் அமைதி. பங்குனி சித்திரையில், பருவக்காற்றுகள் மாறும் காலத்தில், அந்த அமைதி நீளும். வேறொன்றும் இல்லை.

அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டிருந்தார். "ஓம் சேர். பத்து மணிக்குத்தான் வாறவர்" என்றார்.

படகுத்துறையில் அவரைச் சீண்டாதவர் இல்லை. பத்து மணியை நெருங்கும்போது இளைஞர்கள் படகிலிருந்து, "அண்ணை, கொப்பர் வாறார்! எழும்பி நில்லுங்கோ!" என்று கத்துவார்கள். முல்லைத்தீவிலிருந்து ஐஸ் லொறியில் நண்டு வாங்க வரும் வியாபாரியை எல்லோரும் நானா என்று அழைப்போம். அவர், "இஞ்ச பாருங்க, போன கிழமை என்ட ஐஸ் பெட்டி மூடிய உடைச்ச ஆள இன்னும் காணேல்ல. அதையும் சேர்த்துச் சொல்லிப் போடுங்க!" என்பார்.

"ஓம் நானா, அதுவும் நான்தான்."

"அப்ப புதுசா ஒண்டு வாங்கித் தாங்க!"

"அதை அவரிட்டக் கேளுங்கோ. நான் ஒத்துக்கொள்ளுற ஆள் மட்டும்தான்."

சிரிப்பு எழும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். காலப்போக்கில் துறையில் எல்லோரும் தங்கள் பிழைகளை அவரிடம் ஒப்படைக்கப் பழகியிருந்தனர். வலையைத் தவறாக விரித்தவன், எண்ணெய்க் குழாயைப் பூட்ட மறந்தவன், மாமியாரோடு சண்டை பிடித்துவிட்டு வந்தவன். "அண்ணை, இதையும் ஒருக்கா" என்று போகிறபோக்கில் சொல்வார்கள். அவர் தலையசைப்பார். பத்து மணிக்கு மணலில் நின்று, ஒவ்வொன்றாகத் தன் பெயரில் ஏற்றுக்கொள்வார். பகிடி செய்தவர்களும் அந்த நேரம் குரலைத் தாழ்த்தியே பகிடி செய்தனர்.

அவர் கோழை அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மார்கழியில் தாழமுக்கம் கரையைக் கடந்தது. கூரைத் தகரங்கள் பறந்தன. படகொன்று அலையில் அகப்பட்டு, இருவர் அதைப் பற்றிக்கொண்டு கதறினர். கரையில் நின்ற எவரும் அசையவில்லை. அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய் இருவரையும் கொண்டுவந்தார். மூக்கிலும் வாயிலும் உப்புநீர் வழிய, முகம் முழுவதும் மலர்ந்திருந்தது. "பிள்ளையள் விளையாடுதுகள் சேர்!" என்று அந்தப் பேரிரைச்சலில் என் காதுக்குள் கத்தினார். "கேக்குதோ? தகப்பன் வீட்டில இல்லை!"

அவருடைய முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி இறந்த மறுவருடம், சித்திரை மாதம், தனியாகக் கடலுக்குப் போனார். கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. பிற்பகலில் கொக்கிளாய்ப் பக்கம் அவருடைய படகைக் கண்டார்கள். எஞ்சினில் பழுதில்லை. எண்ணெய் இருந்தது. வலை நனையவில்லை. அவர் இல்லை. மூன்று நாள் தேடினோம். நாலாம் நாள் பத்து மணிக்கு வழமைபோல் காற்று நின்றது. துறையில் முப்பது பேராவது இருந்திருப்போம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மணலை நோக்கி ஓரடி எடுத்து வைக்கவும் ஒருவரும் துணியவில்லை. காற்று வந்தது. ஆனால் சுணங்கி வந்தது என்று நானா சொன்னார். நானும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எவ்வளவு சுணங்கியது என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அவர் உண்மையில் என்ன செய்தார் என்று நான் ஒரே ஒரு முறை கேட்டேன். களப்போரத்தில், கால்களைக் கணுக்கால் வரை சேற்றில் புதைத்தபடி அமர்ந்திருந்தார். அமைதி நீண்ட நாட்களில் அங்கேதான் இருப்பார். "எல்லோருடைய பிழையையும் நீங்கள் சொல்கிறீர்கள். உங்களுடையது எது?" என்று கேட்டேன். கேட்டதில் பரிவைவிட ஆராய்ச்சியே அதிகம் இருந்தது.

அவர் நீரைப் பார்த்துக்கொண்டு, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் சொன்னார்.

"கடைசிச் சண்டை நேரம் சேர். பங்கருக்குள்ள என்ர ரெண்டு பிள்ளையளும். தாய் முதலே போயிட்டா. நான் தண்ணி எடுக்கப் போக வேணும். சத்தம் போடக்கூடாது, அசையக்கூடாது, ஆர் கூப்பிட்டாலும் வாய் திறக்கக்கூடாது எண்டு வெருட்டினனான். பொல்லாத வெருட்டு. நல்லாச் சொல்லுக் கேக்கிற பிள்ளையள். நான் திரும்பி வரேக்க மண் சரிஞ்சு மூடிக் கிடந்தது. பக்கத்தில இருந்த சனம் சொன்னவை, உள்ளுக்கை ஆக்கள் இருக்கினமோ எண்டு கூப்பிட்டுப் பாத்தவையாம். சத்தமே இல்லையாம். ஒரு முனகல் கேட்டிருந்தாலும் கிண்டியிருப்பமே எண்டு அழுதவை."

சேற்றிலிருந்து ஒரு காலை இழுத்து எடுத்தார்.

"அண்டைக்கும் காத்து இல்லை சேர்."

அந்த நாளுக்குப் பிறகு நான் அவரிடமிருந்து விலகத் தொடங்கினேன். அவர் மீது இரக்கம் இல்லாமலில்லை. ஆயினும் பத்து மணி நெருங்கும்போது எழுதும் மேசையில் என் கை தானாக நிற்கலாயிற்று. யன்னலுக்கு வெளியே வேம்பைப் பார்ப்பேன். காலநிலையியல் பாடத்தை மனத்துக்குள் ஒப்புவிப்பேன். தரை, கடல், வெப்பம், அமுக்கம். சொற்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. கண் மட்டும் வேம்பை விட்டு விலகவில்லை.

அக்காலத்தில்தான் என் மனைவிக்கு நோய் கண்டது. நுரையீரல் சிறிது சிறிதாக இறுகிப்போகும் நோய். குணப்படுத்த இயலாது, சளியைத் தேங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் காலம் நீளும் என்று வவுனியாவில் வைத்தியர் சொன்னார். படுக்கை அருகே ஒட்சிசன் இயந்திரம் வைத்தோம். மின்சாரம் நின்றால் இரண்டு மணி நேரம் தாங்கும் பற்றறியும் வைத்தோம்.

அவர் நாள்தோறும் ஒன்பதரைக்கு வரத் தொடங்கினார். கையில் பனையோலை விசிறி. அறை வாசலில் நிலத்தில் குந்தியிருந்து விசிறுவார். நான் அடுத்த அறையில் வாசித்துக்கொண்டிருப்பேன். இருவரும் கதைப்பதும் சிரிப்பதும் கேட்கும். "இண்டைக்கு ஆற்ற பிழை அண்ணை?" என்பாள் அவள். "இண்டைக்கு நானாவின்ர. லொறியைப் பின்னுக்கெடுத்துக் கோழியை அடிச்சுப்போட்டார்" என்பார். அவள் சிரித்துச் சிரித்து இருமுவாள். நான் எழுந்து போனால் இருவரும் அமைதியாகிவிடுவார்கள்.

ஒரு நாள் அவள் கேட்டது தெளிவாக என் காதில் விழுந்தது. "அண்ணை, காத்தைத் திருப்பி எடுக்கத்தான் அந்தத் தகப்பன் வாறவரோ? என்ர மூச்சையும் அவர்தான் எடுக்கிறாரோ?"

அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்க நான் காத்திருக்கவில்லை. படலை வரை அவரோடு நடந்து சென்று, மிக மரியாதையான சொற்களில், இனி வர வேண்டாம் என்றேன். நோயாளியை உங்கள் கதைகள் அச்சுறுத்துகின்றன என்றேன்.

"சரி சேர்" என்றார். விசிறியை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

அதன் பின் வீடு எனக்குப் பழக்கமான அமைதிக்குத் திரும்பியது. என் மனைவி குறைவாகவே பேசினாள். இருமலும் வெகுவாகக் குறைந்திருந்தது. அதை நல்ல அறிகுறி என்று நாட்குறிப்பில் எழுதினேன்.

மூன்று கிழமைக்குப் பின் ஒரு பங்குனிக் காலையில் மின்சாரம் நின்றது. பற்றறியில் இயந்திரம் ஓடியது. பத்து மணி. இலை அசையவில்லை. அறைக்குள் போனேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. இரண்டு கைகளாலும் கட்டில் சட்டத்தைப் பற்றியபடி என்னைப் பார்த்தாள். அந்தக் கண்களில் இருந்த அச்சத்தை அதற்கு முன் நான் எந்த மனிதமுகத்திலும் கண்டதில்லை. இருமவில்லை. ஓர் ஓசையும் எழவில்லை.

"என்ன செய்யுது உமக்கு?"

"அண்ணையைக் கூப்பிடுங்கோ" என்றாள். அவ்வளவுக்குத்தான் அவளிடம் மூச்சு இருந்தது.

அம்புலன்ஸுக்கு அழைத்தேன். முல்லைத்தீவிலிருந்து வர வேண்டும். பிறகு ஓடினேன். எழுபது வயதில் மணலில் ஓடுவது எப்படியிருக்கும் என்பதை அன்று அறிந்தேன். அவர் வாடி வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். கடலை நோக்கி முகம். நான் ஓடி வரும் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"இருமுறாவோ?" இதுதான் அவர் முதலில் கேட்டது.

"இல்லை. இருமலே இல்லை. ஆனால் பயப்படுகிறாள். உங்களைக் கேட்கிறாள். நீங்கள் வந்து அந்த... நீங்கள் சொல்வதைச் சொல்லுங்கள். எதையாவது சொல்லுங்கள்."

அவர் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார்.

"சேர், கோவிக்காதேங்கோ. நீங்கள் அறைக்குள்ள வந்தால் டீச்சர் இருமலை விழுங்கிப்போடுவா. நீங்கள் வீட்டில இருக்கிற நேரம் முழுக்க அடக்குவா. நான் வந்து குந்தியிருந்தது கதை சொல்ல இல்லை. பகிடி சொல்லிச் சிரிக்க வைச்சால் இருமல் தன்பாட்டில வரும். சளி வெளியில வரும். நீங்கள் எழும்புற சத்தம் கேட்டால் நிப்பாட்டிப்போடுவா."

"ஏன்?"

"உங்களுக்கு உந்தச் சத்தம் பிடிக்காதாம். 'அண்ணை, எங்கட வீட்டிலயும் ஒருத்தர் இருக்கிறார்' எண்டு சொன்னவா. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவா சேர்."

நோய் தொடங்கிய புதிதில், ஒரு பின்னேரம், நான் கட்டுரையொன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் இருமல் விட்டுவிட்டுக் கேட்டது. தலையை நிமிர்த்தாமலே, "அதைக் கொஞ்சம் அடக்க ஏலாதோ?" என்று கேட்டேன். ஒரே ஒரு முறைதான் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. திருமணமான நாளிலிருந்து அவளிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. வீட்டில் அதன் தேவை ஏற்பட்டதில்லை.

"வாருங்கள்" என்றேன்.

"நான் வந்து வேலையில்லை சேர். நீங்கள் போங்கோ. கெதியாப் போங்கோ."

"போய் என்ன செய்வது?"

"சத்தம் போடச் சொல்லுங்கோ" என்றார். அவருடைய முகம் கோணிப்போயிற்று. "நீங்கள்தான் சொல்ல வேணும். வாயால சொல்லுங்கோ."

நான் திரும்பி வந்தபோது அவள் வாயின் மீது கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். என் காலடியைக் கேட்டிருக்க வேண்டும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்து விலக்கினேன். விரல்கள் விறைத்திருந்தன, ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"இஞ்சேரும், இருமும். அடக்காதையும். எனக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு சத்தம் வந்தாலும் பரவாயில்லை."

அவள் நம்பவில்லை. ஏதோ சோதிக்கிறேன் என்பது போல என்னையே பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. "சத்தமா இருமும்" என்று நான் உரத்துச் சொன்னேன். அந்த வீட்டில் நான் உரத்துச் சொன்ன முதற்சொல் அதுவாகத்தான் இருக்கும். அப்போது அவளுடைய உடல் முழுவதும் குலுங்கியது. இருமல் வந்தது. கிழமைக்கணக்கில் சேர்ந்திருந்தது அத்தனையும் திரண்டு வந்தது போல் வந்தது. நான் ஒரு கையால் முதுகைத் தாங்கி, மற்றக் கையால் கிண்ணத்தைப் பிடித்தேன். அம்புலன்ஸ் வந்து சேரும் வரை விடாமல் இருமினாள். வைத்தியசாலையில், இந்தச் சளி வெளியே வராதிருந்தால் அந்த முற்பகலைத் தாண்டியிருக்க மாட்டார் என்றார்கள்.

அதன் பின் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் உயிரோடிருந்தாள். வீட்டுக்குத் திரும்பிய அன்றே அவரைப் போய் அழைத்து வந்தேன். அவர் வழமைபோல் வாசலில் குந்தியிருந்தார். நானும் அறைக்குள்ளேயே கதிரையைப் போட்டு அமர்ந்தேன். நானா வந்து, அந்தக் கோழியின் மரணத்தைப் பற்றித் தானே நேரில் விளக்கமளித்துவிட்டுப் போனார். அவள் சிரித்தாள். இருமினாள். அடக்கவில்லை.

ஆனால் இருமி முடிந்ததும், மூச்சு ஒருநிலைக்கு வரும் முன்பே, அவள் என் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். அந்த ஒரு மாதத்தில் ஒரு முறைகூட அவள் பார்க்காமல் விடவில்லை.